நூறடிக்கு ஐந்தடி ஏற்றம்: சாமுவேல் லங்காஸ்டர்

ஊரிலிருந்து யாராவது வந்தால் போர்ட்லாந்துத் தமிழர்கள் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே ஓர் இடம் உண்டு. மல்ட்னோமா அருவி. நெடுஞ்சாலை 84ல் கிழக்கே அரைமணி நேரம் ஓட்டினால் போதும். காரை நிறுத்தி, சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாக நடந்து, 620 அடி உயர அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்பி சாம்பார் சாதம் சாப்பிடலாம். நானும் அப்படித்தான் பத்துப் பதினைந்து முறை போயிருக்கிறேன்.

அப்பா தென்காசியிலிருந்து வந்திருந்த கோடையில் இந்த வழக்கம் மாறியது. அவருக்கு இரண்டு முழங்கால் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கோல் ஊன்றி நடப்பார். அதற்கு மேல் என்றால் சக்கர நாற்காலிதான். நடக்க முடியாதவரை அருவிக்குக் கூட்டிப் போய் என்ன செய்வது என்று யோசித்தபோது, பழைய மலைச்சாலையில் மெதுவாக ஓட்டிப் போனால் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமே என்று என் மனைவி சொன்னாள். ட்ரௌட்டேல் என்ற சிற்றூரில் சாண்டி ஆற்றைக் கடந்து தொடங்கும் அந்தப் பாதைக்கு வரலாற்றுச் சிறப்புமிக்க கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலை என்று பெயர். அதில் நான் அதுவரை முழுதாகப் போனதில்லை.

மலைப்பாதை என்றாலே அப்பாவுக்கு வயிற்றைப் புரட்டும். கொடைக்கானல் போனால் பாதி வழியில் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்வார். அன்றும் முன்னேற்பாடாகக் கையில் ஒரு பழம் வைத்திருந்தார். காடும் பாசி படிந்த கல்சுவரும் வளைவுகளுமாக இரண்டு மணி நேரம் போயிற்று. ஆறேழு அருவிகள் காரின் கண்ணாடிக்கு அருகிலேயே வந்து போயின. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பழம் அவர் சட்டைப்பையில் அப்படியே இருப்பதைப் பார்த்தோம். இந்த ரோட்டைப் போட்டவன் நல்ல மனுஷனாக இருக்க வேண்டும் என்றார் அப்பா. யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவன் நான். இந்தியாவில் சிவில் படித்து, இங்கே வந்து போக்குவரத்துப் பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். பட்டம் வாங்கிய ஆறே மாதத்தில் மென்பொருளுக்குத் தாவினேன். என்னைப் போன்றவர்கள் நம்மவர்களில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சாலை வளைவின் ஆரத்தைக் கணக்கிடும் சூத்திரம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதை வைத்து ஒரு வளைவுகூட நான் போட்டதில்லை. அந்தக் குற்ற உணர்விலும்தான் அன்றிரவு தேட ஆரம்பித்தேன். கிடைத்த பெயர் சாமுவேல் கிறிஸ்டோபர் லங்காஸ்டர்.

லங்காஸ்டர் 1864ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மிசிசிப்பி மாநிலத்தின் மக்னோலியா என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகரில். கல்லூரியில் சிறிது காலமே படித்துவிட்டு, இல்லினாய் சென்ட்ரல் இரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து தொழிலைக் கற்றார். அன்றைய பொறியாளர்கள் பலருக்கு இரயில் பாதைதான் பல்கலைக்கழகம். அங்குதான் நிலத்தை அளக்கவும், ஏற்றத்தைக் கணக்கிடவும், மண்ணின் குணத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

இருபதுகளின் தொடக்கத்தில் அவரை நோய் வீழ்த்தியது. போலியோ என்று குறிப்பிடுகிறார்கள். உடல் செயலிழந்து பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். இனி எழுந்து நடமாடுவது கடினம் என்ற நிலை. ஆனால் எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கை கால்களைத் தன் வசத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் வேலைக்குத் திரும்பி, ஜாக்சன் நகரின் பொறியாளரானார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நோயை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த சாதனைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் சாவி என்று தோன்றுகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைய அமெரிக்காவின் கிராமச் சாலைகளை இன்று கற்பனை செய்வதுகூடக் கடினம். இரயில் பாதைகள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடின. இரயில் நிலையத்தைத் தாண்டினால் சேறு. மழைக்காலத்தில் குதிரை வண்டியின் அச்சுவரை புதையும். விவசாயி தன் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடப்பார். நல்ல சாலைகள் வேண்டும் என்று முதலில் பெருங்குரல் எழுப்பியவர்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்லர், மிதிவண்டி ஓட்டியவர்கள். பிறகு விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜாக்சன் நகரைச் சுற்றியுள்ள மாடிசன் கவுன்ட்டியில் லங்காஸ்டர் போட்ட கெட்டியான கல்சாலைகள் மத்திய அரசின் வேளாண் துறையின் கவனத்தை ஈர்த்தன. அத்துறை அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. சாலை அன்று வேளாண் துறையின் பொறுப்பு என்பதே சாலை யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறது.

1906ல் சியாட்டில் நகரம் அவரை அழைத்தது. 1909ல் அங்கு ஒரு பெரும் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்குமுன் நகரின் பூங்காக்களையும் ஏரிக்கரையையும் இணைக்கும் அகன்ற சாலைகள் தேவைப்பட்டன. சியாட்டிலில் இருக்கும் வாசகர்கள் வாஷிங்டன் ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலையில் கண்டிப்பாகப் போயிருப்பீர்கள். லங்காஸ்டரின் கை பட்டது அது. வேகமாகப் போய்ச் சேருவதற்காக அல்லாமல், போகும் வழியை அனுபவிப்பதற்காகவே போடப்படும் சாலை என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் உருவாகியிருக்க வேண்டும்.

சியாட்டிலில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். சாம் ஹில். வழக்கறிஞர், செல்வந்தர், இரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஹில்லின் மருமகன். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே குடும்பப் பெயர் அமைந்தது தற்செயல். மாமனார் இரயில் பாதை போட்டுப் பணம் சேர்த்தார், மருமகன் சாலை போட வேண்டும் என்று சொல்லிச் செலவழித்தார். நல்ல சாலை என்பது சாம் ஹில்லுக்கு ஏறக்குறைய ஒரு மதம்.

1908ல் பாரிஸில் முதலாவது அனைத்துலகச் சாலை மாநாடு நடந்தது. ஹில் அதற்கு லங்காஸ்டரையும் அழைத்துச் சென்றார். மாநாடு முடிந்ததும் ஐரோப்பாவின் சாலைகளைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஏரியை ஒட்டிய செங்குத்துப் பாறையைக் குடைந்து ஆக்ஸன் சாலையைப் போட்டிருந்தார்கள். ஏரியைப் பார்ப்பதற்காக அதன் சுரங்கத்தில் ஜன்னல்கள் வெட்டியிருந்தார்கள். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் கரையில், திராட்சைத் தோட்டங்களைத் தாங்கி நின்ற பழைய கற்சுவர்களைக் கண்டார்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். எத்தனையோ தலைமுறைகளைத் தாண்டி நின்றவை. அங்கு நின்றபோதுதான் கொலம்பியா ஆற்றங்கரையில் இப்படி ஒரு சாலை வேண்டும் என்ற முடிவு பிறந்ததாகச் சொல்வார்கள்.

கொலம்பியா ஆற்றைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கனடாவின் மலைகளில் பிறந்து, காஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடலில் சேரும் பேராறு இது. மலைகளைப் பிளந்து ஓடும் இடத்தில் இரு கரையிலும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறைகள் சுவர்போல நிற்கின்றன. தென்கரையில், ஒரேகன் பக்கம், அந்தச் சுவரிலிருந்து அருவிகள் வரிசையாக விழுகின்றன. 1913 வரை இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் நீராவிப் படகில் போக வேண்டும், இல்லையேல் இரயிலில். பாறைக்கும் ஆற்றுக்கும் இடையே இருந்த குறுகிய நிலத்தையும் இரயில் பாதை எடுத்துக்கொண்டுவிட்டது. சாலைக்கு இடமே இல்லை.

ஹில் முதலில் ஆற்றின் வடகரையில், தான் வாங்கிய மேரிஹில் நிலத்தில், சொந்தச் செலவில் மாதிரிச் சாலைகள் போட்டார். 1909க்கும் 1913க்கும் இடையில் லங்காஸ்டரின் துணையோடு அமைந்த அந்த வளைவுச் சாலை இன்றும் இருக்கிறது. வாஷிங்டன் மாநில அரசு அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1913ல் ஒரேகன் ஆளுநரையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் அங்கே வரவழைத்துத் தன் சாலைகளைக் காட்டினார். ஒரேகன் அதே ஆண்டு மாநில நெடுஞ்சாலை ஆணையத்தை அமைத்தது. ஆகஸ்ட் மாதம் ஆற்றைப் பார்த்தபடி குன்றின் மேல் இருந்த சாண்ட்டிக்ளியர் என்ற விடுதியில் போர்ட்லாந்துப் பிரமுகர்கள் கூடினார்கள். மல்ட்னோமா கவுன்ட்டி லங்காஸ்டரைப் பொறியாளராக அமர்த்தியது. அக்டோபரில் வேலை தொடங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் என்ன வடிவமைத்திருக்க முடியும் என்று எனக்குள் இருந்த பழைய மாணவன் கேட்டான். விடை எளிது. அவர் நடந்தார். ஒரு காலத்தில் படுக்கையைவிட்டு எழ முடியாதிருந்த மனிதர், பாதையே இல்லாத அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கினார். பொதுவாகச் சாலைப் பொறியாளர் இரண்டு ஊர்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கிடையே செலவு குறைந்த வழியைத் தேடுவார். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். லங்காஸ்டர் தலைகீழாகச் செய்தார். எங்கெல்லாம் அழகு இருக்கிறதோ அந்த இடங்களை முதலில் குறித்துக்கொண்டார். பிறகு அவற்றையெல்லாம் தொட்டுச் செல்லும்படி சாலையை இழைத்தார். தேவைக்கு மேல் காட்டைச் சிதைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

இதற்கு அவர் வைத்துக்கொண்ட விதிகள் மூன்று. சாலையின் அகலம் 24 அடி. எந்த வளைவின் ஆரமும் 100 அடிக்குக் குறையக் கூடாது. ஏற்றம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது நூறடி தூரம் போனால் ஐந்தடிக்கு மேல் உயரக் கூடாது. அன்றைய ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோலை ஏற்றும் பம்பு கிடையாது. தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் பெட்ரோல் தானாக வழிந்து வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் தொட்டி தாழ்ந்து இயந்திரம் நின்றுவிடும். அதனால் மலைமேல் பின்புறமாக ஓட்டி ஏறுகிறவர்கள் இருந்தார்கள். ஐந்து சதவீதத்தில் அந்தக் கவலை இல்லை. குதிரைக்கும் மூச்சு வாங்காது. எங்கள் அப்பாவுக்கு வயிறு புரட்டாததற்கும் காரணம் இதுதான்.

விதிகளை எழுதுவது சுலபம், அந்த நிலத்தில் கடைப்பிடிப்பதுதான் கடினம். ஆற்றிலிருந்து 733 அடி உயரத்தில் நிற்கும் கிரவுன் பாயிண்ட் என்ற பாறை முனைக்குச் சாலையைக் கொண்டுபோனார் லங்காஸ்டர். தாழ்வாகச் சுற்றிப் போக வழி கிடைக்காதா என்று வேறொருவர் தேடியிருப்பார். இவரோ அந்த உச்சியிலிருந்து தெரியும் ஆற்றுக்காட்சிக்காகவே ஏறினார். ஏறிய பின் அருவிகள் இருக்கும் மட்டத்துக்கு இறங்க வேண்டுமே. எட்டு என்ற எண்ணைப்போல வளைந்து, தன்னையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது சாலை. காரில் போகும்போது இறங்குகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த முனையில் பயணிகள் இறங்கி நின்று பார்க்க ஒரு மண்டபம் வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். கட்டடக் கலைஞர் எட்கர் லாசரஸ் வடிவமைத்த எண்கோணக் கல் மண்டபமான விஸ்டா ஹவுஸ் 1918ல் திறக்கப்பட்டது. உள்ளே பளிங்கு, மேலே குவிமாடம், கீழே கழிப்பறைகள். செலவு எகிறியதைப் பார்த்த ஊர்க்காரர்கள், லட்சம் டாலர் கழிப்பறை என்று கேலி செய்தார்களாம். வயதானவர்களை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் பயணம் போனவர்களுக்குத் தெரியும், அதில் கேலிக்கு எதுவுமில்லை.

லட்டூரல் ஓடையில் நிலம் பலவீனமாக இருந்தது. கனமான பாலத்தை அது தாங்காது. கே. பி. பில்னர் என்ற பொறியாளர், சிலந்திக் கால்கள்போல மெலிந்த கான்கிரீட் வளைவுகளால் எடை குறைந்த பாலமொன்றை 1914ல் அமைத்தார். ஒனியோண்ட்டா என்ற இடத்தில் பாறை இரயில் பாதையை ஒட்டியே நின்றது. சாலைக்காகக் குடைந்தால் பாறை உடைந்து தண்டவாளத்தில் விழும். விரிசல்களுக்குள் முதலில் கான்கிரீட்டைச் செலுத்திப் பாறையை இறுக்கிய பின்னரே சுரங்கத்தைக் குடைந்தார்கள். வழிநெடுகிலும் தடுப்புச் சுவர்களையும் தாங்கு சுவர்களையும் கட்டியவர்கள் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கற்கொத்தர்கள். ரைன் கரையில் லங்காஸ்டர் பார்த்த சாந்தில்லாச் சுவர்களை இங்கே அவர்கள் கைகள் மறுபடியும் அடுக்கின. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றில் பெரும்பாலானவை அசையவில்லை. பாலத்தை வரைந்தவர் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. கல் அடுக்கியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. எந்த நாட்டுச் சாலை வரலாறும் இப்படித்தான் இருக்கிறது.

பணத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். மர வியாபாரத்தில் செல்வந்தரான ஜான் யோன் சம்பளமில்லாமல் வேலையை மேற்பார்வையிட்டார். நார்வேயில் பிறந்து மரம் வெட்டி உயர்ந்த சைமன் பென்சன், மல்ட்னோமா அருவியின் குறுக்கே இன்றும் நாம் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாலத்துக்குப் பணம் கொடுத்தார், அருவி நிலத்தை விலைக்கு வாங்கி நகரத்துக்கே கொடுத்தார். காட்டை வெட்டிப் பணம் சேர்த்தவர்கள் காட்டைக் காட்டும் சாலைக்குச் செலவழித்தார்கள். அதிலுள்ள முரணை மறுப்பதற்கில்லை. இவர்களைவிட எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் ஷெப்பர்ட் என்ற சாதாரண விவசாயி. தன் நிலத்தில் இருந்த சிறு அருவியையும் அதைச் சுற்றிய சுமார் பத்து ஏக்கரையும் இறந்துபோன மனைவியின் நினைவாகப் பொதுமக்களுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் பெயரில்தான் ஷெப்பர்ட்ஸ் டெல் இருக்கிறது.

1915 ஜூலையில் போர்ட்லாந்திலிருந்து ஹூட் ரிவர் வரை கார்கள் போகத் தொடங்கின. 1916 ஜூன் 7 அன்று முறைப்படி அர்ப்பணிப்பு விழா நடந்தது. அதிபர் உட்ரோ வில்சன் தலைநகரில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, மூவாயிரம் மைல் தாண்டி இங்கே கொடி விரிந்தது. டாலஸ் நகரம் வரையிலான முழுச் சாலையும் முடிந்தது 1922ல். காட்சிக்காகவே திட்டமிட்டு அமைக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் நெடுஞ்சாலை இதுதான் என்கிறார்கள். லங்காஸ்டர் 1915லேயே இந்த ஆற்றையும் சாலையையும் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு நூல் எழுதி வெளியிட்டார். தெய்வ நம்பிக்கை மிகுந்தவர். படைப்பின் அழகை மனிதனுக்குக் காட்டும் கருவியாகவே தன் சாலையை அவர் கண்டார்.

சாலை வந்ததும் காட்டின் பொருள் மாறியது. அதுவரை வனத்துறைக்குக் காடு என்றால் மரம், தண்ணீர், மேய்ச்சல். 1915ல் இந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 14,000 ஏக்கரைப் பொழுதுபோக்குக்கு என்றே வனத்துறை ஒதுக்கியது. ஈகிள் ஓடையின் கரையில் மேசை, அடுப்பு, கழிப்பறை வசதிகளோடு முகாம் அமைத்தது. வனத்துறை இப்படி வசதி செய்து அமைத்த முதல் முகாம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று கோடை விடுமுறையில் கூடாரமும் குளிர்பெட்டியும் பிள்ளைகளுமாக நாம் போய் இறங்கி, பக்கத்துக் கூடாரத்துக்காரர் மூக்கைத் துளைக்க மசாலா தடவிய கோழியைச் சுடும் முகாம் தளங்களுக்கெல்லாம் மூத்தது அது.

லங்காஸ்டர் நீண்ட நாள் வாழ்ந்தார். தன் சாலை பழையதாவதையும் பார்த்தார். கார்கள் வேகம் பிடித்தன, லாரிகள் வந்தன. நூறடி வளைவு அவற்றுக்குப் போதவில்லை. பான்வில் அணைக்கட்டுக்காக 1930களில் சாலையின் ஒரு பகுதி மாற்றப்பட்டு, புதிய சுரங்கம் குடையப்பட்டது. 1941ல் அவர் போர்ட்லாந்தில் இறந்தார். பிறகு ஆற்றின் மட்டத்திலேயே நேராக ஓடும் அகன்ற நெடுஞ்சாலை வந்தது. இன்று 84 என்று நாம் அழைப்பது அதைத்தான். பழைய சாலையின் பல துண்டுகள் கைவிடப்பட்டன, சுரங்கங்கள் கற்களால் அடைக்கப்பட்டன. ஐந்து ஜன்னல்களோடு ஆக்ஸன் சாலையின் தங்கையாக 1915ல் அமைந்த மிட்செல் பாயிண்ட் சுரங்கத்தை, அகலப்படுத்தும் வேலைக்காக 1966ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதை வடிவமைத்தவர் ஜான் எலியட் என்ற வேறொரு பொறியாளர், ஆனால் கனவு லங்காஸ்டருடையதும்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் பூர்வகுடிகள். அவர்களுடைய தொன்மக் கதைகளை லங்காஸ்டர் தன் நூலில் ஆசையோடு சேர்த்திருக்கிறார். ஆனால் சாலையைப் பற்றி முடிவெடுத்தவர்களின் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. கிழக்கே அவர்கள் மீன்பிடித்த செலிலோ அருவி 1957ல் ஓர் அணையின் நீருக்குள் மூழ்கியது. அருவிகளைக் காட்டுவதற்காகச் சாலை போட்ட அதே ஆற்றில்தான் அதுவும் நடந்தது.

சாலை கூட்டத்தையும் கொண்டுவந்தது. 2017 செப்டம்பரில் ஒரு பதின்வயதுச் சிறுவன் ஈகிள் ஓடைப் பள்ளத்துக்குள் எறிந்த பட்டாசு, ஏறக்குறைய 49,000 ஏக்கர் காட்டை எரித்தது. எங்கள் வீட்டு முற்றத்தில்கூடச் சாம்பல் விழுந்தது. 1948ல் மூடப்பட்டு 2009ல் மீண்டும் திறக்கப்பட்டிருந்த ஒனியோண்ட்டா சுரங்கத்தின் உட்புற மரவேலைப்பாடும் அந்தத் தீயில் போயிற்று. அதைச் சீராக்கி மறுபடி திறக்க 2021 ஆனது. 2022 கோடையில் அருவிகள் இருக்கும் பகுதிக்குக் காரில் போகவே நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் காட்டினால் காட்டப்படும் பொருள் தாங்குமா? லங்காஸ்டரின் சாலை எழுப்பும் கேள்வி இது. காலால் நடந்து வருபவருக்கு மட்டுமே காடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், என் முழங்கால்கள் நன்றாக இருப்பதால்.

இனி, முன்பு சொன்ன சாவிக்கு வருகிறேன்.

1980களிலிருந்து இந்தச் சாலைக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. 1986ல் பள்ளத்தாக்கு முழுவதையும் தேசிய இயற்கைக் காட்சிப் பகுதியாக அறிவிக்கும் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகச் சீராக்கி, கார்கள் போகாத நடைபாதையாக ஒரேகன் மாநிலம் மாற்றத் தொடங்கியது. மோசியர் என்ற ஊரின் அருகே 1921ல் திறந்த இரட்டைச் சுரங்கங்களிலிருந்து கற்களை அகற்றி 2000ல் மறுபடி திறந்தார்கள். தகர்க்கப்பட்ட மிட்செல் பாயிண்டில் ஐந்து ஜன்னல்களோடு புதிய சுரங்கம் குடைந்து 2025ல் திறந்தார்கள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் அப்பாவை மோசியருக்கு அழைத்துப் போனேன். காரிலிருந்து இறக்கி, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளத் தொடங்கினேன். சுரங்கம் ஒரு மைலுக்குள்தான், ஆனால் ஏற்றம். தள்ள முடியுமா என்று எனக்கே சந்தேகம். முடிந்தது. ஓரிடத்தில்கூட நின்று மூச்சு வாங்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க விதிகளை முதுகலையில் படித்திருக்கிறேன். சக்கர நாற்காலி போகும் நடைபாதையின் சரிவு இருபதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது சாய்தளம், அதற்குக் கைப்பிடிகளும் நின்று இளைப்பாற இடங்களும் வேண்டும். இருபதுக்கு ஒன்று என்றால் 5 சதவீதம். லங்காஸ்டர் 1913ல் வகுத்து, அவருக்குப் பின் இந்தப் பகுதியைப் போட்டவர்களும் கடைப்பிடித்த அதே எண். அவர் மாடல் டி காரை நினைத்துத்தான் அதை வைத்தார், சக்கர நாற்காலியை நினைத்தல்ல. இது தற்செயல் என்று எனக்குள் இருக்கும் பொறியாளன் சொல்வான். ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, மறுபடி அடியெடுத்து வைக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் ஏற்றத்தைப் பார்க்கும் பார்வை மற்றவர்களுடையதைப் போல இருக்காது என்று நான் நம்புகிறேன். உலகத்தின் அழகு திடமான கால்கள் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அவரால் நினைத்திருக்க முடியாது.

சுரங்கத்தின் உள்ளே ஒரு ஜன்னல். கீழே ஆறு, எதிரே வாஷிங்டன் மாநிலத்தின் காய்ந்த பழுப்பு மலைகள். பக்கத்துப் பாறையில் 1921 நவம்பரில் பனியில் சிக்கிக்கொண்ட பயணிகள் செதுக்கி வைத்த எழுத்துகள். அப்பா வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது குற்றாலமாக இருந்தால் இந்நேரம் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கலாம், பார்ப்பதோடு சரி என்பதுதான் இந்த ஊரின் குறை என்றார். பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, நான் படித்த படிப்பு இந்த மாதிரி வேலைக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலியைத் திருப்பினேன். திரும்பும் வழி இறக்கம். பிடித்து நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல், ஆனால் தானாக உருண்டு ஓடிவிடாமலும், என் கைக்கு அடங்கி இறங்கி வந்தது நாற்காலி.